பாத்ரூம் டைல்ஸ்: எங்கிருந்து தொடங்குவது?

நம்பிக்கை: டைல் அளவைக் கடைக்குப் போய்ப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

உண்மை: அதற்குள் பாதி முடிவு தரைக்குள் புதைந்துவிட்டிருக்கும். தண்ணீர் வடியும் நானி டிராப் எங்கே என்பதை பிளம்பர் முன்பே தீர்மானித்திருப்பார். அது தரையின் நடுவில் இருந்தால் நாலு பக்கத்து வாட்டமும் அதை நோக்கி இறங்க வேண்டும். ஒரு அடி டைல்கள் இணைப்புக்கு இணைப்பு லேசாகச் சாய்ந்து ஈடுகொடுக்கும். இரண்டடி டைல் கொடுக்காது. குறுக்காக வெட்டிப் போடவேண்டும். இல்லாவிட்டால் ஓரங்கள் தூக்கி நிற்கும், பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். பெரிய டைல்தான் பிடிக்கிறது என்றால் டிராப்பைச் சுவரோரம் தள்ளி, தரை முழுக்க ஒரே பக்கமாக, மூன்றடிக்கு அரை அங்குலம் வாட்டம் கொடுக்கலாம். ஆனால் இதைக் குழாய் பதிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

நம்பிக்கை: மூலையில் முழு டைலாகத் தொடங்குவதே முறை.

உண்மை: அப்படிச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். பூச்சு முடிந்த சுவர் 50 அங்குல அகலம், டைல் 12 அங்குலம் என்று வையுங்கள். இணைப்பு இடைவெளியை விட்டுவிட்டுப் பார்த்தால், நாலு முழு டைல் போக 2 அங்குலத் துண்டு மிஞ்சும். அது வெட்டும்போதே உடையும். சுவர் சற்றுக் கோணலாக இருந்தால் மேலே இரண்டு, கீழே ஒன்றரை என்று கோணலை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். மூன்று முழு டைலை நடுவில் நிறுத்துங்கள். இரு புறமும் 7 அங்குலத் துண்டு வரும். டைல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். செய்யத் தகுந்த செலவு அது. தவிர்க்கவே முடியாத சிறு துண்டைக் கதவுக்குப் பின்னால் வரும் மூலைக்கு அனுப்பிவிடலாம்.

நம்பிக்கை: இடைவெளியே தெரியாமல் நெருக்கி ஒட்டுவதுதான் நேர்த்தி.

உண்மை: ஒரே பெட்டி டைல்களுக்குள்ளேயே அளவு நூலிழை மாறும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால்தான் கோடு நேராக ஓடும், இணைப்பை நிரப்பும் கிரவுட்டும் உள்ளே இறங்கும்.

நம்பிக்கை: டைல் ஒட்டிவிட்டால் கசிவு வராது.

உண்மை: சிமென்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும். கசிவைத் தடுப்பது அடியில் பூசும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. பூசிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி, கீழ்த்தளக் கூரை காய்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன் ஒரு டைலைக்கூட ஒட்ட விடாதீர்கள்.

நம்பிக்கை: மீந்துபோன சுவர் டைலைத் தரைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: கூடவே கூடாது. சுவருக்கான செராமிக் டைல் தரைச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல. பளபளப்பான மேற்பரப்பு ஈரத்தில் வழுக்கும். வயதானவர்கள் குளிக்கும் இடத்துக்குச் சொரசொரப்பான மேட் டைலே வேண்டும்.

நம்பிக்கை: சுவர் டைலைத் தரையிலிருந்து வரிசையாக ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

உண்மை: தரையில் வாட்டம் இருப்பதால் அடி வரிசை மட்டமாக அமையாது. ரசமட்டம் பார்த்து ஒரு நேர்ச்சட்டத்தைச் சுவரில் பொருத்தி, இரண்டாம் வரிசையிலிருந்து மேலே ஒட்டுவார்கள். பிறகு தரை. அடி வரிசை கடைசியில், வாட்டத்துக்கு ஏற்ப வெட்டி, தரை டைலின் மேல் உட்காரும்படி ஒட்டப்படும். அப்போது சுவரில் வழியும் தண்ணீர் இணைப்புக்குள் நேராக இறங்காமல் தரை டைலின் மேலேயே ஓடி டிராப்புக்குப் போகும்.