டெம்ப்ளேட் விவரத்தை எப்படித் தேடி எடுக்கிறது?

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் பில்லை எடுத்துக்கொள்வோம். வாசகம் மாறாது, வாங்குபவர் பெயர், ஜோடி எண்ணிக்கை, விலை மட்டும் மாறும். மாறாத பகுதிதான் டெம்ப்ளேட். மாறும் விவரங்கள் ஸ்ட்ரக்ட் என்ற பெட்டியின் அறைகளில் இருக்கும். இந்த அறைகளை ஃபீல்டு என்பார்கள்.

கூகுள் 2009-ல் வெளியிட்ட கோ மொழியில், டெம்ப்ளேட்டில் 'பிரைஸ்' என்று வந்தால், புரோகிராம் ஓடும்போதே அப்பெயருள்ள ஃபீல்டு தேடப்படும். இதுவே ரிஃப்ளெக்‌ஷன். ஃபீல்டின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். சிறிய எழுத்தானால் திறக்காது. கம்பைல் செய்யும்போது இப்பிழை தெரியாது. பில் பாதியில் நின்றுவிடும். சரக்கு ஏற்றிய லாரி காத்திருக்கும்.

அதனால் நான் முழு பில்லையும் முதலில் மெமரியில் தயாரித்து, பிழை இல்லையென்றால் மட்டுமே பிரிண்டருக்கு அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.