பழைய நெல்: இருப்பு வைப்போரும் வாங்குவோரும் அறிய வேண்டியவை

மேல்நாட்டார் திராட்சை மதுவைப் பல வருஷம் நிலவறையில் வைத்து முதிரச் செய்வதுண்டு. ஆயினும் அவ்விதம் வைத்தால் மேன்மையடைவது சிறுபகுதியே. பெரும்பகுதி வைக்க வைக்கக் கெடும். நெல்லும் அத்தன்மையதே. பழையது யாவும் உயர்ந்ததென்று எண்ணி அதிக விலை கொடுப்போர் இதைக் கவனிப்பார்களாக.

புது அரிசிச் சோறு குழைவதும், கஞ்சி கெட்டியாவதும் யாவரும் அறிந்ததே. நெல்லாகவே மூன்று நான்கு மாதம் இருந்தால், மணியிலுள்ள புரதம் இறுகி மாவுத்துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய்ச் சத்தும் மாறுதலடைந்து மாவுடன் பிணைகின்றது. அதனால் சோறு உதிரியாகி, அளவிலும் மிகும். பச்சரிசிக்கே இந்த அனுகூலம் அதிகம். புழுங்கலில் இக்குணம் பெரும்பாலும் புழுக்கும்போதே வந்துவிடுகிறது. தைப்பொங்கலுக்கு மட்டும் புத்தரிசியே தகும். அங்கே குழைவுதான் வேண்டுவது.

தாம்பரத்திற்கு மேற்கே மணிமங்கலம், படப்பை முதலிய ஏரிப்பாசன ஊர்களில் தை, மாசியில் சம்பா நெல்லைக் களத்திலேயே விற்றுவிட்டு, ஆடி, ஆவணியில் பழைய அரிசியை அதிக விலைக்கு வாங்கும் குடும்பங்கள் உண்டு. மாடம்பாக்கம், சேலையூர்ப் பக்கம் வயல்கள் வீடுகளாய்விட்டதால், வாங்குவோர் அருகிலேயே இருக்கின்றனர். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 2015-ல் வெளியிட்ட டி.கே.எம். 13 போன்ற சன்ன ரகங்களை இருப்பு வைப்பது பொருந்தும். மோட்டா ரகங்களுக்கு வட்டியும் கட்டாது.

கணக்கை முதலில் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை ஏற்பது வழக்கம். அதே நெல் 13 சதவீதத்திற்கு உலர்ந்தால் 100 கிலோ ஏறக்குறைய 95½ கிலோவாகிறது. ஆகவே நூற்றுக்கு ஐந்து விலை ஏறிய பின்னரே முதல் திரும்பும். வட்டி, கோணி, எலிச்சேதம் வேறு. அதற்காக ஈரத்தோடு மூட்டை கட்டுவது தகாது. சூடேறிப் பூசணம் பிடித்த நெல் பழையதன்று, கெட்டதேயாம். பல்லிடைக் கடித்தால் ‘கடக்’கென்று முறியும்வரை காயவைத்து, மரச்சட்டத்தின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குக. நொச்சி, வேப்பிலை இடுவது நல்லதாயினும், காய்ச்சலுக்கு அது ஈடாகாது. மாதமொருமுறை அந்துப்பூச்சி பறக்கிறதாவென்று மூட்டைகளைத் தட்டிப் பார்க்கவும். அரிசியாக்கி வைப்பதைவிட நெல்லாக வைப்பதே மேல். உமி நல்ல காவல்.

வாங்குவோர் நிறத்தை மட்டும் நம்பலாகாது. பழைய அரிசி சற்று மங்கியிருக்குமென்பது மெய்யே. மக்கிய அரிசியும் மங்கியே இருக்கும். வாயிலிட்டு மென்றால் புதியது பல்லில் ஒட்டும், பழையது பொடியாகும். நிச்சயமான சோதனை அடுப்பில்தான். ஒரு பிடி வாங்கி வந்து சமைத்து வடிகஞ்சியைப் பாருங்கள். தெளிந்து நீர்த்திருப்பின் பழையது. சில பருக்கை குழைந்தும் சில விறைத்தும் நின்றால் புதியதைக் கலந்திருக்கிறார்களென ஊகிக்கலாம். வண்டு இருப்பதே பழமைக்கு அத்தாட்சியென்று கூறும் வியாபாரியிடம், அந்த வண்டுக்கும் சேர்த்தா எடை போடுகிறீரென்று கேட்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட சரக்கை முகர்ந்து பாராமல் வாங்கவேண்டாம்.

சோற்றுக்கு உகந்த பழைய நெல் விதைக்கு உதவாது. நாளாக ஆக முளைப்புத்திறன் குன்றுமாதலால் விதைநெல்லைத் தனியே பிரித்து, அடுத்த பட்டத்திற்குள் விதைத்துவிடுக.