ஊழும் முயற்சியும்

வள்ளியாறு கடலொடு கலக்கும் கடியப்பட்டணம் முதலாய குமரிக் கரையூரார்க்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மறத்தற்கரியது. அன்று காலை ஆறரை மணியளவிற் சுமத்திராத் தீவினருகே கடலடி நிலம் பிளந்தது. அதனான் எழுந்த ஆழிப்பேரலை சில மணி நேரங் கழித்து இக்கரையை அடைந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களிற் பலர் மாண்டனர். ஒரே கரையில் நின்றாருள் ஒருவர் பிழைப்ப மற்றொருவர் மாண்டது தற்செயலோ, இறைவன் செயலோ, அவரவர் வினையோ? இதனைச் சித்தாந்த முறையான் யாம் ஈண்டு ஆராய்வாம்.

தற்செயல் என்பது பொருந்தாது; காரணம் புலப்படாமை வேறு, காரணம் இன்மை வேறு. இறைவன் தான் வேண்டியவாறே செய்தான் எனின், அவனுக்கு விருப்பு வெறுப்பு உளவாம். வினையே தந்தது எனின், வினை சடமாகலின், செய்தானை அறிந்து சென்று பொருந்தமாட்டாது. ஆகலின், வினைக்கு ஈடாக இறைவனே நுகர்விக்கின்றான் என்பது துணிபு. பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன எனச் சிவஞான சித்தியார் கூறும்.

அற்றேல், முயற்சி வீணாம். மாண்டார் தம் வினையான் மாண்டார் என்று வாளா இருத்தல் அமையுமே எனின், அமையாது. பிராரத்தம் நுகரப்படுவது; ஆகாமியம் நுகருங்கால் நாம் புதிதாகச் செய்வது. உயிர்க்கு இச்சையும் அறிவும் செயலும் உள. இறைவன் அவற்றை விளக்கி நிற்பன். ஞாயிற்றின் ஒளியின்றிக் கண் காணாது. ஆயினும், எதனை நோக்குவது என்பதனை ஞாயிறு தேர்வதில்லை.

நிலம் பிளந்ததற்கும் அலை வந்ததற்கும் இடையே சில மணி நேரம் இருந்தது. அதனை உணர்த்தும் அமைப்பு இந்தியப் பெருங்கடற்கு அந்நாளில் இல்லை. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. இஃது ஊழை எதிர்த்தல் ஆகாதோ எனின், ஆகாது. பிறர்க்குரிய பிராரத்தம் இன்னதென யாம் அறியேம். அறியக் கிடப்பது எம் கடமை ஒன்றே. காக்க முயலும் அறிவும் இறைவன் விளக்க விளங்கியதே. ஒருவன் காக்கப்படுவானாயின், அக்காவலும் அவன் வினைப்பயனுள் அடங்கும்.

ஆகலின், ஊழ் என்னும் உண்மை தனக்கு உற்ற துன்பத்தைப் பொறுத்தற்கு மருந்து. பிறர்க்கு உற்ற துன்பத்தைக் கண்டும் கைகட்டியிருத்தற்குச் சான்று அன்று. அவ்வாறு இருப்பான் சித்தாந்தம் உரைத்தானல்லன். தன் மடியை உரைத்தான். அவ்விருப்பே அவனுக்கு ஆகாமியமாய் ஏறும் என்க.