பச்சை உடம்பு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. பிள்ளை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். அதிலிருந்து பெரியம்மாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை. “பச்சை உடம்புக்காரி” என்று அவள் சொன்னதற்கு, “இன்னும் எத்தனை நாளைக்கம்மா பச்சை?” என்று சிரித்தாயாமே. அந்தச் சொல்லைச் சிரித்துத் தள்ளாதே, தாயி.

பச்சை என்றால் நிறம் மட்டும்தானா? அடுப்படியில் நின்று பார். பச்சரிசி வெள்ளைதான், நெல்லை அவிக்காமல் அரைத்ததால் அந்தப் பெயர். காய்ச்சாத தண்ணீர் பச்சைத் தண்ணீர். அரைத்து ஊற்றிய மசாலா பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும். காயாத விறகு பச்சை விறகு, சூளை காணாத கல் பச்சைச் செங்கல், ஆறாத புண் பச்சைப் புண். தீயோ வெயிலோ காலமோ தன் வேலையை இன்னும் முடிக்காதவற்றுக்கெல்லாம் இந்த ஒரே அடைமொழி.

ஊர்ப் பேச்சில் அது இன்னும் தூரம் போகிறது. துளி உண்மையும் கலக்காதது பச்சைப் பொய். கூச்சம் விட்டுப் பேசுகிறவன் பச்சையாகப் பேசுகிறான். சம்மதம் கிடைத்தால் பச்சைக்கொடி. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் பச்சைப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்பது மதுரைக்காரர் நம்பிக்கை. நீயும் மாமா தோளில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. அதே சொல் பெற்றவள் உடம்போடு சேரும்போது எச்சரிக்கையாகிவிடுகிறது: உள்ளே இன்னும் ஆறவில்லை, பலம் திரும்பவில்லை, பாரம் ஏற்றாதே.

பாட்டிமார் சொன்னது மட்டுமில்லை. 1961இல் வந்த மகப்பேறு நலச் சட்டமே பிரசவத்துக்குப் பிந்திய 6 வாரங்களில் தாயிடம் வேலை வாங்கக் கூடாது என்று தடுத்தது. 2017 திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கான சம்பள விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. தமிழக அரசு 2021இல் தன் ஊழியருக்கு 12 மாதம் கொடுத்தது. போராடிக் கேட்டுப் பெண்கள் வாங்கிய உரிமை இது.

உன் அம்மா பாடம் நடத்திய பள்ளிக்கூடம் அவளைப் பச்சை உடம்போடு வேலைக்கு வர வைத்தது உனக்குத் தெரியும். நீ தொட்டிலில் கிடந்தாய். அவள் நாள் முழுக்கக் கரும்பலகை முன் நின்றாள். தடுக்க வேண்டியவர்கள் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அவள் ஒரு குடம் தண்ணீர் தூக்கத் தடுமாறுவதைப் பார்த்தால் பெரியம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

முடிவு உன்னுடையது. வேலைதான் முக்கியம் என்று பட்டால் செய். ஆனால் 6 வாரத்துக்குள் வேண்டவே வேண்டாம். 26 வாரத்தையும் முழுசாக எடுத்தால் எந்தக் கம்பெனியும் மூழ்காது.

கோபித்துக்கொள்ளாதே, தங்கம். நம் வீட்டிலேயே கெட்டிக்காரி நீதான். உனக்குத் தெரியாததைப் பெரியம்மா புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பிள்ளையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டாராம், கேட்டு மனசு குளிர்ந்தது. பிரசவ லேகியமும் நாட்டுப் பூண்டும் கொரியரில் வருகிறது. இன்றைக்கே மேலாளருக்கு விடுப்பு எழுதி அனுப்பிவிடு, கண்ணு.

என்றும் உன் நலம் நாடும்
பெரியம்மா