பால்டிமோர்ப் பால விபத்து: காரணங்களின் அடுக்கு

குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பர் நம் தருக்க நூலார். மாணவர்க்கு இது தேர்வுக்கு மட்டும் உரிய பாகுபாடாகத் தோன்றலாம். 2024 மார்ச் 26ஆம் நாள் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர்த் துறைமுகத்தில் நிகழ்ந்ததை இதனோடு பொருத்திப் பார்த்தல் நன்று.

ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள 'டாலி' என்னும் சரக்குக் கப்பல் அன்று நள்ளிரவுக்குப்பின் கொழும்பு நோக்கிப் புறப்பட்டது. மாலுமிகளுள் மிகப்பெரும்பாலோர் இந்தியர். (மாலுமி, சுக்கான் என்பன அரபுச் சொற்களின் வழியாகவும், நங்கூரம் பாரசீகத்தின் வழியாகவும் தமிழில் வழங்குவன என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.) 1.25 மணியளவில் கப்பலில் மின்சாரம் அற்றது. குளிர்விக்கும் நீரை இறைக்கும் பம்பு நின்றதால் முதன்மை எந்திரம் தானே நின்றுவிட்டது. உந்துவிசை இழந்த கப்பலுக்குச் சுக்கான் போதிய துணையாகாது. ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் அது பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோத, பாலம் சரிந்தது.

நாசவேலை என்றும் கலப்பட எரிபொருள் என்றும் அன்று காலையிலேயே பலர் தீர்ப்புக் கூறினர். எரிபொருட் சோதனையில் குறை காணப்படவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் வெளியிட்ட முடிவு வியப்பளிப்பது. மின்பலகையில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. இன்ன கம்பி என்று அடையாளம் காட்டச் சுற்றிய பெயர்ப்பட்டை முனையின்மேல் ஏறியிருந்தமையால், கம்பி தன் இணைப்புத் துளையினுள் முழுவதும் நுழையவில்லை. பெயர் பொருளை உணர்த்தற்கு உரியது. இங்கோ பெயரே பொருளைத் தடுத்தது!

மாலுமிகள் ஒரு நிமிடத்திற்குள் மின்சாரத்தை மீட்டனர். ஆயினும் மீண்டும் இருண்டது. இந்த இரண்டாம் இருளுக்குக் காரணம் வேறு. மின்னாக்கிகளுக்கு எரிபொருள் செலுத்த, குழாய்களைக் கழுவுதற்கென அமைந்த பம்பு பயன்படுத்தப்பட்டு வந்தது. மின்சாரம் அற்று மீளும்போது அது தானாக இயங்கத் தொடங்காது. தளர்ந்த கம்பியை எவரும் வேண்டுமென்று வைத்திலர். அந்தப் பம்பையோ அறிந்தே பயன்படுத்தினர். குறை கூறுவதாயின் இதனையே நான் முதலிற் கூறுவேன்.

1977இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் 1980இலும் ஒரு கப்பல் மோதியது. சிறு சேதமே விளைந்தது. 'டாலி' அதனைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு பெரியது. இடைப்பட்ட நாற்பத்து நான்கு ஆண்டுகளில் கப்பல்கள் பெருத்தன. தூண்களின் காப்போ அதற்கேற்ப வளரவில்லை. இதனை வாரியம் துணைக்காரணமாகக் குறித்துள்ளது. நம் நூலார் கூறும் குயவனை மட்டும் இங்குக் காணவில்லை. கெடுக்க நினைத்தவர் எவருமின்றியே கேடு முற்றுப்பெற்றது.

கப்பலின் வழிகாட்டிகள் விடுத்த அபாயச் செய்தியால் காவலர் பாலத்தின் இருமுனைகளிலும் வண்டிகளை நிறுத்தினர். பல உயிர்கள் பிழைத்தன. மேலே சாலைக்குழிகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்க்கு அச்செய்தி எட்டவில்லை. அவருள் அறுவர் மாண்டனர். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். காவலர்க்குச் சொன்ன அந்நேரத்திலேயே அவர்க்கும் சொல்லியிருப்பின், விழாத பகுதிக்கு வண்டியோட்டிச் செல்லப் போதிய நேரம் இருந்திருக்கக்கூடும் என்கிறது வாரியம்.