மோர்ஸ் கீ பூட்டுகிறீர்களா?

கப்பல்துறையில் அமெச்சூர் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் கவனத்துக்கு:

• பிளக்: சாதாரணக் கீக்கு இரண்டு வயர் போதும், ஒன்று நுனிக்கு, மற்றது அடியில் உள்ள எர்த்துக்கு. பாடிலுக்கு மூன்று வேண்டும்: வழமையாக நுனி புள்ளிக்கு, நடு வளையம் கோட்டுக்கு, அடி எர்த்துக்கு.

• மோனோ பிளக் வேண்டாம்: ஸ்டீரியோ துளையில் அது வளையத்தை எர்த்தோடு சேர்த்துவிடும். கீயர் இயங்கிக்கொண்டிருந்தால் கோடு ஓயாமல் போகும். சாதாரணக் கீக்கும் ஸ்டீரியோ பிளக்கே போட்டு, வளையத்தை வெறுமனே விடுங்கள்.

• மெனு: சாதாரணக் கீ என்றால் எலக்ட்ரோனிக் கீயரை அணைத்துவிடுங்கள். சைட்டோனை 600 - 700 ஹேர்ட்ஸில் வைத்தால் காதுக்கு இதம்.

• பழகும்போது: பல பெட்டிகளில் பிரேக்-இன்னை அணைத்தால் ஒலி மட்டும் கேட்கும், அலை வெளியே போகாது. முதற்சோதனையை டம்மி லோடில், 5 வாட்டில் செய்யுங்கள்.

• உப்புக்காற்று: கடற்காற்றில் கீயின் தொடுமுனைகள் கறுத்து, புள்ளிகள் விட்டுவிட்டுப் போகும். இடையில் வெள்ளைத் தாள்துண்டை வைத்து, கீயை மெல்ல அழுத்தியபடி இழுங்கள். அரத்தாளால் தேய்க்காதீர்கள்.

• உரிமம்: இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமமும் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறியும் கைக்கு வரும்வரை கேட்க மட்டும் செய்யுங்கள், அனுப்பாதீர்கள்.