ஒரு கேள்வியால் அறிய முடியாதது: மரியந்தால் கிராம ஆய்வு

இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் படிவத்துடன் வந்து விவரம் எடுப்போர் பலர். குடும்பத்தில் எத்தனை பேர், ஊரில் காணி எவ்வளவு, உடனடித் தேவை என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். தகரம் என்றோ பால்மா என்றோ நாமும் சொல்லி அனுப்புவோம். ஆனால் மண்வெட்டி பிடித்த கை மாதக்கணக்காகச் சும்மா இருக்கும்போது மனத்துக்கு என்ன நேருகிறது? அதை எழுதப் படிவத்தில் இடம் இருப்பதில்லை. அதை அறிய முயன்ற ஒரு பழைய உளவியல் ஆய்வைப்பற்றி இம்முறை படிப்போம். அது நடந்த இடத்தில் போரும் இல்லை, இடப்பெயர்வும் இல்லை. ஊர் முழுவதன் தொழிலும் ஒரேயடியாகப் போயிருந்தது, அவ்வளவுதான்.

ஒஸ்ரியாவின் தலைநகரான வியன்னாவுக்குத் தென்கிழக்கே உள்ள சிற்றூர் மரியந்தால். அங்கிருந்த நெசவாலையை நம்பியே ஊர் வாழ்ந்தது. 1929-30இல் ஆலை மூடப்பட்டது. அங்கிருந்த 478 குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவற்றில் ஒருவருக்கேனும் வேலை இல்லை. 1931இன் கடைசியில் மரீ யஹோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் ஆய்வுக் குழு அங்கு சென்றது. முதலில் இவர்கள் தொழிலாளரின் ஓய்வுநேரத்தைப்பற்றி ஆராயவே எண்ணியிருந்தார்கள். வேலையில்லாத நாட்டில் ஓய்வுநேரத்தை ஆராய்வதா, வேலையின்மையை ஆராயுங்கள் என்று அரசியல் தலைவர் ஒட்டோ பௌவர் திருப்பிவிட்டார். நல்ல வேளை!

வேடிக்கை பார்க்க ஒருவரும் ஊருக்குள் போகக்கூடாது, போகிறவர் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்யவேண்டும் என்பது குழுவின் விதி. வியன்னாவில் சுமார் 200 உடுப்புகள் சேர்த்தார்கள். என்ன உடுப்பு வேண்டும் என்று கேட்க 100 வீடுகளுக்குப் போனார்கள். அப்படிப் போனபோது அடுப்படியையும் பிள்ளைகளையும் கண்டார்கள். வீட்டாரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டார்கள். வைத்தியர் வந்து நோயாளரைப் பார்த்தார். பெண்களுக்குத் தையல் வெட்டு வகுப்பும் நடந்தது. உடுப்புக் கொடுக்க வருபவர் குறிப்பும் எழுதுகிறார் என்றால் அதை வீட்டாருக்கு முதலிலேயே சொல்லவேண்டும் என்பது எமது கருத்து. அந்த விதியோ மிக நல்ல விதி.

ஒரு நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று மணிக்கு மணி எழுதும்படி ஊராரிடம் தாள் கொடுத்தார்கள். ஆண்களால் அதை நிரப்ப முடியவில்லை. எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை. இதை மட்டும் பார்த்தவர் சோம்பேறிகள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். குழுவினர் பிரதான வீதியில் மறைவாக நின்று, சுமார் நூறு பேர் நடந்துபோவதைக் கவனித்தார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தச் சிறு தூரத்தில் இரண்டு தடவையாவது நின்று நின்று போனார்கள். பெண்கள் விரைவாக நடந்தார்கள். பின்பு நூல்நிலையக் கணக்கைப் புரட்டினார்கள். கட்டணம் எடுக்கப்பட்டிருந்தும், நேரம் மலைபோல் இருந்தும், 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் போன புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. நாங்கள் வாசிப்பதை விட்டுவிட்டோம் என்று எவரும் தாமாக வந்து சொல்லியிருக்க மாட்டார். ஏன் விட்டார்கள் என்பது கணக்குப் புத்தகத்துக்குத் தெரியாது. வாழ்க்கைக் கதைகளையும் சேர்த்துப் பார்த்தபோதே, வேலை போனதும் நேரம் தன் மதிப்பை இழந்து மனிதனைத் தளர்த்திவிடுகிறது என்பது விளங்கிற்று.

பெண்கள் விரைந்து நடந்ததைக் கண்டு, அவர்களுக்குக் குறையில்லை என்று எண்ணலாம். சமையல், துவையல், ஒட்டுப்போடுதல் என்று அவர்களின் நாள் நிரம்பியே இருந்தது. ஆனால் அவர்களோடு இருந்து கதைத்தபோது, வீட்டுவேலையும் ஆலைவேலையுமாக இரட்டைப் பாரம் வந்தாலும் ஆலைக்கே திரும்ப விரும்புவதாகச் சொன்னார்கள். பணத்துக்காக மட்டுமல்ல, பத்துப் பேரோடு பழகுவதற்காகவும். கண் கண்டதும் காது கேட்டதும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத இந்த இடத்தில்தான் ஆய்வு ஆழமாகிறது. ஒரு முறையை மட்டும் நம்பியிருந்தால் பிழையான முடிவோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

பிள்ளைகளிடம் நத்தாருக்கு என்ன விருப்பம் என்று எழுதச் சொன்னார்கள். அயலூர்ப் பிள்ளைகள் கேட்ட பொருள்களின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கே மரியந்தால் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். அதையும், அப்பா அம்மாவிடம் காசு இருந்தால் என்ற சொல்லோடு எழுதினார்கள். ஆசை சுருங்கிப்போனதை எந்தப் பிள்ளையிடமும் நேரே கேட்டு அறிந்திருக்க முடியாது.

ஊரில் பெரும்பாலோர் வீட்டையும் பிள்ளைகளையும் ஒழுங்காகப் பராமரித்துக்கொண்டே, நாளை என்ன என்ற நினைப்பை விட்டிருந்தார்கள். வருமானம் குறையக் குறைய மனம் உடைவதையும் குழு கண்டது. அப்படியும் சிலர் மரக்கறித் தோட்டத்தில் ஒரு மூலையைப் பூச்செடிக்கு ஒதுக்கியிருந்தார்கள். இவை யாவும் 1933இல் நூலாக வெளிவந்தன.

உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை நீங்களே செய்து பார்க்கலாம். நேற்று எழுந்தது முதல் படுக்கும்வரை என்ன செய்தோம் என்று கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதட்டும். எழுதத் தெரியாதவர் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம். கிணற்றடியிலும் பங்கீட்டு வரிசையிலும் கண்டதை இன்னொருவர் சொல்லட்டும். அப்படிப் பார்க்கப்போவதை எல்லோருக்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். பின்பு எல்லாவற்றையும் அருகருகே வைத்து வாசித்து, பொருந்தாத இடங்களைப்பற்றி முதலில் கதையுங்கள்.